உளுந்து மிதந்த பிறகும்

கிரைண்டர் நின்றதும் சொல்லிவிடுவது என்று தண்டபாணி முடிவு செய்திருந்தார். ஓடும்போது சொல்வதென்றால் கத்த வேண்டும், இந்த மாதிரி விஷயத்தைக் கத்திச் சொன்னால் சிங்காநல்லூரில் பாதிப் பேருக்குக் கேட்டுவிடும். அதனால் நிற்கட்டும். சமையலறை மூலையில் முக்காலியைப் போட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, குழவி சுற்றுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உளுந்துக்குக் காவல் இருப்பது அவர் வேலை. ஊறிய உளுந்தைக் கொட்டி, ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அப்பப்பத் தெளிச்சு உடுங்க. ஒரு துளி எடுத்துக் கிண்ணத்துத் தண்ணியில போட்டுப் பாருங்க, மெதந்துச்சுன்னா நிறுத்தீட்டு என்னையக் கூப்புடுங்க," என்று சொல்லிவிட்டு ரேணுகா மாடிக்குப் போயிருந்தாள். ஐப்பசி மழை எந்த நிமிஷமும் இறங்கலாம், துணி எடுக்க வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியம் தண்டபாணியிடம் தயாராக இருந்தது. நாம் இரண்டு பேர் மட்டும் இரண்டு நாள் எங்கேயாவது போய்விட்டு வரலாமா. இவ்வளவுதான். ஒரு பம்புசெட் கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவுக்குத் தலைவராக இருந்து, லாரி லாரியாக மோட்டாரை நாடெங்கும் அனுப்புகிறவருக்கு இது ஒரு வாக்கியமா. ஆனால் மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் 'மட்டும்' வருகிற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. மட்டும் என்றால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். ஐம்பத்தைந்து வயதில் என்ன மட்டும். மட்டும் இல்லாமல் சொன்னால், எங்கேயாவது போய்விட்டு வரலாமா என்று சொன்னால், பல்லடத்துக்கு அக்கா வீட்டுக்குப் போகிறதுபோல ஆகிவிடும். அக்கா என்றதும் அவர் அவசரமாகக் கொஞ்சம் தண்ணீரை அள்ளித் தெளித்தார்.

இதற்கெல்லாம் காரணம் பர்ச்சேஸ் மேனேஜர். புதிதாகக் கல்யாணம் ஆனவர், மனைவியோடு நாசிக் பக்கம் போய்விட்டு வந்து கேன்டீனில் ஒவ்வொருவருக்கும் படம் காட்டினார். திராட்சைத் தோட்டம், நடுவில் ஒரு மேசை, மேசைமேல் இரண்டு கண்ணாடிக் கோப்பை, கோப்பைக்குப் பின்னால் சாயங்காலம். அங்கேயே வைன் செய்கிறார்களாம், தோட்டத்துக்குள்ளேயே தங்கலாமாம். படத்தைப் பார்த்ததிலிருந்து தண்டபாணிக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், சோறு நன்றாகவே இறங்கியது, ஆனால் சாப்பிடும்போதெல்லாம் அந்த மேசைதான் கண்முன் வந்தது. அதில் இரண்டே நாற்காலிகள் இருந்தன. மூன்றாவதாக ஒரு நாற்காலி போட இடமே இல்லை, அதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த விடுதியின் இணையப் பக்கத்தில் இலையுதிர் காலத்துக் காதல் வார இறுதி என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். இலையுதிர் காலம் என்று ஒன்று இந்த ஊரில் எப்போது வந்தது என்று அவர் யோசித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு வாதாம் மரம் பன்னிரண்டு மாதமும் இவர்கள் வாசலில்தான் உதிர்க்கிறது, ரேணுகா விடிந்தால் அதைப் பெருக்கிக்கொண்டே மரத்தையும் மரத்தின் சொந்தக்காரரையும் திட்டுகிறாள். இலை உதிர்வதைப் பார்க்க விமானம் ஏறு என்றால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஏறுவாள். அது போகட்டும் என்று விடுதிக்குப் போன் செய்தால், எடுத்த பெண் மகா நேர்மைக்காரி, சார், இந்த மாதம்தான் கவாத்து முடிந்தது, கொடியில் பழமும் இருக்காது, இலையும் இருக்காது, வெறும் குச்சிதான் என்று சொல்லிவிட்டாள். ஆக, விமானத்தில் பம்பாய் போய், அங்கிருந்து நாலு மணி நேரம் காரில் போய்க் குச்சியைப் பார்க்க வேண்டும். குச்சிக்கு நடுவில் இரண்டு நாற்காலி. அதன்பிறகு அந்த வைனைக் குடிக்கிற முறை. அதைத் தெரிந்துகொள்ள ரேணுகா பஜனைக்குப் போன வெள்ளிக்கிழமைகளில் டிவியில் வீடியோ தேடிப் பார்த்தார். கோப்பையை அடியில் பிடிக்க வேண்டும், மெல்லச் சுழற்ற வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்ட வேண்டும், அப்புறம் பக்கத்தில் வைத்திருக்கிற வாளியில் துப்பிவிட வேண்டும். இந்த இடத்தில் தண்டபாணி வீடியோவை நிறுத்தித் திரும்பவும் பார்த்தார். துப்பத்தான் வேண்டும். காசு கொடுத்து வாங்கி, ரேணுகாவுக்கு எதிரில், நாகரிகமாகத் துப்ப வேண்டும். கொப்பளிக்கும்போது வாஷ்பேசினுக்கு வெளியே ஒரு துளி தெறித்தால் ஒரு வாரம் பேசுகிறவள் அவள். சுழற்றுவதையாவது பழகிக்கொள்வோம் என்று போன வாரம் எவர்சில்வர் டம்ளரில் மோரை வைத்துச் சுழற்றினார், மோர் சட்டையில் ஏறியது, பின்னால் நின்றிருந்த ரேணுகா, "மோரை எதுக்குங்க இந்த ஆட்டு ஆட்டறீங்க," என்று கேட்டாள். "உப்புக் கரையலை," என்றார். அவள் உள்ளே போய் ஒரு கரண்டியை எடுத்துவந்து கொடுத்தாள்.

உளுந்து பொங்க ஆரம்பித்திருந்தது. சுண்டுவிரலால் ஒரு துளி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நல்லது, இன்னும் நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்று நினைத்தவுடன் நேரம் இல்லை என்பதும் கூடவே வந்தது. கார்த்திகை பிறந்ததும் ரேணுகா மெல்போர்னுக்குக் கிளம்புகிறாள். மகள் கவிமலருக்குத் தலைப்பிரசவம், ஆறு மாதம் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், இவர் இங்கே தனியாகக் கேன்டீன் சோற்றில் காலம் தள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து அவள் ஒரு பாட்டியாகத் திரும்பி வருவாள். பாட்டியிடம் போய் 'மட்டும்' என்று சொல்ல முடியுமா. ஆகவே இந்த ஐப்பசிதான், இதை விட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது. இத்தனையும் தெரிந்த மனுஷன் காலையில் அக்காவிடம் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் ஊருக்குப் போகிறதென்றால் பல்லடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. ஒருமுறை திருச்செந்தூருக்குச் சொல்லாமல் போய்விட்டு வந்து, பூங்கோதை அக்கா கொடுத்த காப்பியில் மூன்று பொங்கல் வரைக்கும் சர்க்கரை இல்லை. அதனால் போன் பண்ணினார். நாசிக் போகிறோம் என்றார். "அங்க என்ன கண்ணு இருக்குது," என்று அக்கா கேட்டாள். திராட்சைத் தோட்டம் நாக்கின் நுனிவரை வந்தது, அதற்குப் பின்னால் கோப்பையும் வாளியும் வருவது தெரிந்தது, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "சிவன் கோயிலுங்க்கா, ஜோதிர்லிங்கம்," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவும் பொய் இல்லை, கோயில் அங்கே இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிச் சொன்னபிறகு ஒரு வார்த்தை கூப்பிட வேண்டுமே, அதுதானே முறை. "நீங்களும் மச்சானும் வரலாமேக்கா," என்றார். இதற்குப் பதிலும் முறைப்படி உண்டு, எங்களுக்கு எங்கே கண்ணு, நீங்க போயிட்டு வாங்க என்பார்கள், ஒருவருக்கும் சேதம் இல்லை. காலம்காலமாகக் கொங்கு நாட்டில் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள், இப்படித்தான் மறுக்கிறார்கள். கூப்பிட்டதும் கிளம்புகிறவர்களை யார் பார்த்திருக்கிறார்கள். அக்கா, "செரி சாமி, வர்றோம். எனக்கும் காசிதான் போக முடியலை, இதாவது கெடைக்கட்டும்," என்றாள். சாமி காரியத்துக்கு வருகிறவளை வராதே என்று சொல்ல ஒரு நாக்கு இன்னும் படைக்கப்படவில்லை. அக்கா அதற்குள் புளிச்சோறு கட்டிவிட்டாள், வாயால்தான், ஆனால் கட்டிவிட்டாள். அங்கே உள்ள சாப்பாட்டை நம்ப முடியாது, சின்ன ஸ்டவ் ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம், போகிற வழியெல்லாம் வெங்காயம் பூண்டு கூடாது, எதற்குத் தனித்தனி ரூம், ஒரே பெரிய ரூமாகப் போடு, பொம்பளைங்க கட்டில்மேல், ஆம்பளைங்க கீழே ஒரு ஜமக்காளத்தை விரித்துக்கொள்ளலாம். கீழே மச்சான் பக்கத்தில் படுத்துக்கொண்டு காதல் வார இறுதியைக் கழிக்கிற தன்னைத் தண்டபாணி கண்முன் பார்த்தார். மச்சான் குறட்டை விட்டால் மேலே மின்விசிறி தயங்கும். அக்கா கடைசியில், "நீ வையி, நான் ரேணுகாகிட்டப் பேசிக்கறேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அலமாரியில் சார்ஜுக்குப் போட்டிருந்த ரேணுகாவின் போன் வெளிச்சம் போட்டது. கிரைண்டர் சத்தத்தில் மணி கேட்கவில்லை, வெளிச்சம் மட்டும் வந்துவந்து போனது. நங்கை என்று எழுதியிருந்தது. நாத்தனாரை ரேணுகா நங்கை என்றுதான் கூப்பிடுவாள். தண்டபாணி எழுந்தார், உளுந்துக் கையை நீட்டினார், போனைத் தொடாமல் பக்கத்தில் மடித்து வைத்திருந்த இட்லித் துணியை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டார். துணிக்குள்ளே அக்கா கொஞ்ச நேரம் ஒளிர்ந்துவிட்டு அணைந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு துளி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அது அழகாக மிதந்தது. அவர் அதைக் கவனிக்காததுபோல இன்னொரு கை தண்ணீரைத் தெளித்தார்.

இப்படித்தான் ஊட்டியும் போயிற்று. கல்யாணம் ஆன மூன்றாவது வாரம், தேனிலவு என்று அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லவில்லை, ஊட்டி என்றுதான் சொன்னார்கள், அவரும் முறைக்கு ஒரு வார்த்தை எல்லோரையும் கூப்பிட்டார். வேன் வாசலில் வந்து நின்றபோதுதான் எத்தனை பேர் முறையை மறந்திருந்தார்கள் என்பது தெரிந்தது. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். அவருக்குக் கடைசி வரிசை, மச்சான் பக்கத்தில். ரேணுகா டிரைவருக்குப் பின்னால், ஜன்னல் ஓரம். இடையில் நாலு வரிசை ஒறம்பரை, சொந்தபந்தம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறுகிறவரை அவளுடைய தலைப்பூவில் ஒரு கொத்து தெரிந்துகொண்டிருந்தது, முதல் கொண்டை ஊசி வளைவில் மச்சானுக்கு வயிற்றைப் புரட்டியது, அதன்பிறகு வாந்திக்குக் கவரைப் பிடிக்கிற வேலை இவருக்கு. மச்சான் ஆள் பெரிய ஆள், காலையில் பல்லடத்தில் வேறு சாப்பிட்டிருந்தார். தாவரவியல் பூங்காவில் எடுத்த படம் இன்னும் ஹாலில் மாட்டியிருக்கிறது, வரிசையாக எல்லோரும் சிரிக்கிறார்கள், அந்தக் கோடியில் ஒரு பெண்ணும் இந்தக் கோடியில் ஒரு பையனும் நிற்கிறார்கள், தெரியாதவர்கள் பார்த்தால் இரண்டு பேரும் வேறு வேறு கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்பார்கள். ஊட்டியிலிருந்து திரும்பியதும் ரேணுகாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் தலையைத் திருப்ப முடியாமல், கூப்பிட்டால் உடம்போடு திரும்பினாள். அவருடைய அம்மா நீலகிரித் தைலம் போட்டுத் தேய்த்துவிட்டு வேன் சீட்டைத் திட்டினாள். புதுப் பெண்டாட்டியின் வாசனை என்று தண்டபாணிக்கு நினைவில் நின்றது அந்தத் தைலம்தான். இன்றைக்கும் யாராவது சளிக்குத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தால் அவருக்கு லேசாக வெட்கம் வரும்.

அப்படியிருக்க, மறுபடியும் ஏன் கூப்பிட்டாய் என்று அவருக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. முறைக்காக என்றார். அந்தக் குரல் நம்பவில்லை. குழவி சுற்றிச்சுற்றி அதே இடத்துக்கு வந்தது, அவரும் வந்தார். அக்காவிடம் பேசும்போது கூப்பிடாமலே போனை வைத்திருக்கலாம், சிக்னல் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம், டிஸ்பாட்ச்காரனுக்குத் தெரியாத சாக்கா. கூப்பிட்டது எதற்கென்றால் அந்த இரண்டு நாற்காலிதான். ஒன்றில் ரேணுகா உட்கார்ந்துவிட்டாள், இன்னொன்றில் இவர் உட்கார்ந்துவிட்டார், முன்னால் குச்சி. சரி, அப்புறம். அப்புறம் என்ன பேசுவது. வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை, பால் வந்ததா, மோட்டார் போட்டாயா, கவி போன் பண்ணினாளா, கேஸ் எப்போது வரும். அங்கே பாலும் இல்லை, மோட்டாரும் இல்லை, கேஸ் விடுதிக்காரர் பாடு. ஒரு மணி நேரம் கவியைப் பற்றிப் பேசலாம். அதன்பிறகு சாயங்காலம் முழுக்க இருக்கிறது, மறுநாள் முழுக்க இருக்கிறது. பக்கத்து மேசையில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ரேணுகா மணி பார்ப்பாள். அவள் மணி பார்ப்பதை இவர் பார்ப்பார். இத்தனை வருஷமாக நடுவில் ஆள் இருந்ததால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது பொய்யாகிவிட்டால், நடுவில் யாருமே இல்லாமலும் பேச ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால், அதைத் தெரிந்துகொண்டு அவள் மெல்போர்ன் போய்விட்டால், ஆறு மாதம் இந்த வீட்டில் அவர் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அவருக்குப் பயமாக இருந்தது. பம்பு ஏற்றிய லாரி கவிழ்ந்த செய்தி வந்த அன்றுகூட இவ்வளவு பயம் இல்லை, அதற்கு இன்சூரன்ஸ் இருந்தது. அக்கா வந்தால் இதெல்லாம் தெரியாமலே போய்விடும். புளிச்சோற்றைப் பற்றிப் பேசலாம். அவர் ஒரு துளி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார், மிதந்தது, இன்னொன்று போட்டார், அதுவும் மிதந்தது. கிண்ணம் முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதந்தன. தண்டபாணி சொம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரையும் ஊற்றினார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறவரை எதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கை வந்து சுவிட்சை அணைத்தது. சத்தம் நின்றதும் வெளியே மழை பெய்துகொண்டிருப்பது கேட்டது. ரேணுகா இடுப்பில் துணிக் குவியலோடு நின்றிருந்தாள், முன்நெற்றி முடியில் ஈரம். குனிந்து மாவைப் பார்த்தாள், விரலால் தொட்டுப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இத்தன மெதக்குது. இன்னும் எதுக்குங்க ஓட்டறீங்க?"

"இல்ல, கொஞ்சம் நைசா வரட்டும்னு."

"மாவு சூடேறிக் கெடக்குது. தண்ணியும் இத்தன ஊத்திருக்கீங்க. நாளைக்கு இட்லி இல்லீங்க, தோசைதான்." துணிகளை மேடைமேல் வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தாள். "போனுக்கு எதுக்குங்க இட்லித் துணியப் போத்தி வெச்சிருக்கீங்க?"

தண்டபாணி வாயைத் திறந்தார். நாம் இரண்டு பேர் வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

ரேணுகா துணியை நீக்கிப் போனை எடுத்துப் பார்த்தாள். "நங்கைதான். காத்தாலயே பேசீட்டேன். மறுபடி எதுக்குக் கூப்புட்டாங்கன்னு தெரியலை, காணிக்கையாத்தான் இருக்கும்."

"காத்தாலயா? என்ன சொன்னாங்க?"

"நாசிக்குன்னாங்க. ஸ்டவ்வு நம்மளுது எடுக்கறதா அவங்களுது எடுக்கறதான்னு கேட்டாங்க." அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "நீங்க வர முடியாதுங்க நங்கைன்னுட்டேன். இது கவி பிரசவத்துக்கு நான் வேண்டிக்கிட்டது, புருசன் பொண்டாட்டி மட்டும் போய்க் கும்புட்டுட்டு வரோணும், ஒறம்பரை கூட வந்தா வேண்டுதல் நிக்காதுன்னு சொன்னேன். அவங்களுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அவங்க பங்குக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு குடுத்து உடறாங்களாம். அதனால கோயிலுக்கும் ஒரு எட்டுப் போயிரோணும்."

மட்டும் என்ற சொல்லை அவள் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள் என்று தண்டபாணி வியந்தார். மாவு ஒட்டின கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. "நீ எப்ப வேண்டிக்கிட்ட?"

"நங்கை போன் பண்ணப்பத்தான்." அடுத்த சட்டையை எடுத்தாள். அது மோர் பட்ட சட்டை. "டிவியப் போட்டாப் போதும், அதுவா வைன் கிளாசு எப்புடிப் புடிக்கறதுன்னு ஆரம்பிச்சுருது. பஜனையில இருந்து வந்து சாமி பாட்டுப் போட்டாலும் அடியில வரிசையா அதுதான் வருது. நீங்க எப்ப வாயத் தொறப்பீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன். தொறந்ததும் நங்கைகிட்டத் தொறந்திருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, ஏமாற்றக் கூடாது என்று தோன்றியதால், உள்ளதைச் சொல்லிவிட்டார். "அங்க இப்ப ஒண்ணுமில்ல, ரேணுகா. கவாத்துப் பண்ணிட்டாங்களாம். திராட்சை இல்ல, எலைகூட இல்ல. வெறுங்குச்சிதான். ரெண்டு நாளைக்கு நாம என்ன பண்றது, என்ன பேசறது, எனக்கு ஒண்ணும் தெரியலை."

"அங்க போயிச் செடியவா பாக்கப் போறோம்," என்றாள் ரேணுகா. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், அவருடைய மாவுக் கையைப் பிடித்துக் குழாயடியில் நீட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள், தானே கழுவ ஆரம்பித்தாள். "ஒண்ணுதான். டிக்கெட்டுப் போடறப்ப சீட்டு மட்டும் பக்கத்துப் பக்கத்துல பாத்துப் போடுங்க."

"அது போடலாம். எதுக்கு?"

"ஊட்டிக்குப் போனப்ப, மல ஏறி எறங்கற வரைக்கும் திரும்பித் திரும்பி உங்களையப் பாத்து ஒரு வாரம் கழுத்து வலி எனக்கு," என்றாள். "நீங்க எங்க பாத்தீங்க. கவரைப் புடிச்சுட்டுக் குனிஞ்சே இருந்தீங்க."